திங்கட்கிழமைத் தண்ணீர்

சென்னையில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. நானோ தண்ணீர்மேல் வழக்குப் போட வந்தவள். பினாங்கிலிருந்து கடல் தாண்டி, ஆவடியில் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் தண்ணீர் எப்படிப் புகுந்தது என்று விசாரிக்க வந்திருந்தேன். குப்பியோ என் சுண்டுவிரல் அளவு.

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார்.

"தண்ணீர் பார்க்க" என்றேன்.

கண்ணாடிக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அயனித் திரவம் என்று ஒன்று உண்டு. உப்புதான், ஆனால் சமையல் உப்பைப் போலக் கட்டியாக இல்லாமல் விளக்கெண்ணெய் மாதிரி வழியும். ஆவியாகாது, எளிதில் தீப்பிடிக்காது, பரம சாது. ஒரே ஒரு கெட்ட குணம், தண்ணீரைக் கண்டால் விடாது. மூடியைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூட இழுத்துக் குடித்துவிடும். இந்தத் திரவத்துக்குள் பெப்டைடு என்ற புரதத் துணுக்கைப் போடுவோம். புரதத்தை நீளமான மணிமாலை என்று வைத்துக்கொண்டால், எங்கள் பெப்டைடு மூன்றே மணி கோத்த நூல். பிறகு துளியூண்டு தண்ணீர் விடுவோம். அந்தத் தண்ணீர் பெப்டைடோடு ஒட்டிக்கொள்கிறதா, உப்பின் அயனிகளோடு ஒட்டிக்கொள்கிறதா? இவ்வளவுதான் கேள்வி. இதற்குப் போய் இரண்டு நாட்டில் இரண்டு பெண்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறோம்.

பினாங்கில் நான் செய்தபோது அயனிகள் தண்ணீர் முழுவதையும் அபகரித்துக்கொண்டன. பெப்டைடு வறண்டு கிடந்தது. ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் என் கூட்டாளி கற்பகம் அதே திரவத்தில் அதே அளவு தண்ணீர் விட்டுச் செய்தபோது, பெப்டைடு தண்ணீரோடு சொந்தம் கொண்டாடியது. இரண்டு முடிவையும் நேர்மையாகக் கட்டுரையில் போட்டோம். நேர்மைக்குப் பலன் கிடைத்தது. படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர்கள், "ஊருக்கு ஒரு பதில் வருமானால் எதை நம்புவது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கட்டுரை போச்சு. கட்டுரை போனால் என் ஒப்பந்த வேலையும் போச்சு. அப்புறம் பட்டர்வொர்த்தில் அண்ணன் நடத்தும் டயர் கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். அண்ணன் ரொம்ப நல்லவன். எனக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான் நான் சென்னைக்குக் கிளம்புவதென்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை மாலை, கற்பகம் குடியிருக்கும் கள்ளிக்குப்பம் போய்ச் சேர்ந்தேன். கற்பகத்தை அதுவரை கணினித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். நேரில் அவள் இன்னும் குள்ளம், இன்னும் அதட்டல். விருதுநகர்க்காரி. கணவர் ஏதோ மென்பொருள் வேலையாக பெங்களூருக்குப் போயிருந்தார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து, மாடியேறி, கால் கழுவலாம் என்று குழாயைத் திறந்தால் காற்று வந்தது.

"தண்ணி இல்ல, இந்திரா" என்றாள் கற்பகம். "மோட்டார் முங்கிப் போச்சு. லாரிக்குச் சொல்லியிருக்கோம். தெருவுல தண்ணி நிக்கிறதால தண்ணி லாரி உள்ள வர முடியலையாம்."

இதைச் சிரிக்காமல் சொன்னாள். எங்கள் ஊரிலும் மழை உண்டு, வெள்ளம் உண்டு. ஆனால் தண்ணீர் இருப்பதாலேயே தண்ணீர் வராமல் போகும் ஊரை அன்றுதான் பார்த்தேன். கேன் தண்ணீரில் கால் கழுவினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பும் கூழ் வடகமும். அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி, பச்சை மிளகாயும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்துத் துணியில் கிள்ளி வைத்து, வெயிலில் காயவைத்துப் பொரிப்பார்களே, அந்த வடகம். அந்த வீட்டில் செய்தித்தாள் துவண்டு கிடந்தது, பிஸ்கட் ரப்பராகியிருந்தது, தீப்பெட்டி தீயை மறந்து நாளாகியிருந்தது. வடகம் மட்டும் வாயில் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி நொறுங்கியது.

"இந்த மழையில எப்படி இப்படிக் காய வச்ச?"

"நான் எங்க வச்சேன்? எங்க லேப்ல சரசக்கான்னு ஒருத்தங்க உதவியாளரா இருக்காங்க. வாரா வாரம் ஒரு பொட்டலம் குடுப்பாங்க. அவங்க கைப்பக்குவம் அப்படி."

நான் இன்னும் நாலு எடுத்துக்கொண்டேன். தண்ணீரைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கிய இருவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். மழைக்காலத்தில் ஒரு வடகம் இவ்வளவு காய்ந்திருந்தால் அதன் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோவில் கல்லூரிக்குப் போனோம். ஓட்டியவர் லோகு, சரசக்காவின் தம்பி. அந்தப் பக்கம் தொழிற்பேட்டை வரும்முன் அவருடைய அப்பா நாற்று நட்ட நிலத்தின்மேல்தான் இப்போது எங்கள் ஆட்டோ போகிறது என்று பாதி வழியில் சொன்னார். வருத்தமெல்லாம் கிடையாது. "சேத்துல குந்தி நாத்து புடுங்கறதுக்கு இது எவ்ளோ மேல் மேடம். இதுலயும் சேறு கீது, ஆனா நாம குந்திகினே போவலாம்."

என் தமிழ் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "இன்னா மேடம், ரேடியோ பொட்டி மாதிரி பேசிகினு வர்றீங்க. எந்தூரு?" பினாங்கு என்றேன். டாக்டர் என்று கற்பகம் சேர்த்துச் சொன்னாள். அதன் பிறகு ஆவடி வரைக்கும் தன் இடுப்பு வலியைப் பற்றிச் சொன்னார். நான் அந்த டாக்டர் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "பரவால்ல மேடம், தெரிஞ்சத சொல்லுங்க" என்றார்.

ஆவடியில் இட்லிக்கு வடகறி என்று ஒன்றை ஊற்றினார்கள். வடையை உதிர்த்துக் குழம்பாக்கிவிடுகிறார்கள். பினாங்கில் ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் கறியை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தேன். அதைவிட நன்றாக இருந்தது. ஊர்ப் பற்றினால் வெளியே சொல்லவில்லை.

சரசக்கா ஆய்வக வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் பெரிய பொட்டு, புடவைமேல் வெள்ளை அங்கி. என்னைப் பார்த்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினார். நான் வாங்குவதற்குள் கற்பகம் பாய்ந்தாள். "அக்கா, எத்தன தடவ சொல்றது, உள்ள தண்ணி கூடாது!"

"வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணிகூட குடுக்காத எடம் இன்னா எடமோ" என்று முனகிக்கொண்டே போனார்.

ஆய்வகம் சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். மூலையில் பீரோ உயரத்துக்கு ஓர் உலர்பெட்டி, கண்ணாடிக் கதவு, அடித்தட்டில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள். ஈரம் ஏறினால் நீலம் சிவப்பாகிவிடும். அடுப்பில் வறுத்தால் மறுபடி நீலம். கதவில் கற்பகம் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: "உள்ளே ஈரம் கூடாது."

அன்று பகல் முழுக்க அயனித் திரவத்தை வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்தினோம். மிச்சம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கருவியில் அளந்தோம். அநேகமாக ஒன்றுமில்லை. ஒரு குப்பியில் பெப்டைடைப் போட்டு, துளித் தண்ணீர் விட்டு உடனே சோதித்தேன். பினாங்கு முடிவேதான் வந்தது. கற்பகம் உதட்டைப் பிதுக்கினாள். அவள் வழக்கம் வேறு. வெள்ளிக்கிழமை உலர்த்திய குப்பிகளை, மூடியைத் தளர்த்தி, உலர்பெட்டிக்குள் வைத்துவிடுவாள். மிச்சம் மீதி ஈரமிருந்தாலும் சனி, ஞாயிறில் போய்விடும் என்பது அவள் கட்சி. திங்கட்கிழமை எடுத்துச் சோதிப்பாள்.

"திங்கக்கிழமை எடுக்கிறப்ப மறுபடியும் தண்ணீரை அளப்பியா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை அளந்தாச்சு, பெட்டி பூட்டியிருக்கு. நடுவுல எங்கேர்ந்து வரும் தண்ணி?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. குப்பிகளை அடுக்கிவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை கற்பகத்துக்குத் தேர்வுத் தாள் திருத்தும் வேலை. பூந்தமல்லியில் ஒரு கடையில் ரசாயனம் வாங்க வேண்டியிருந்ததால் நான் மட்டும் லோகுவின் ஆட்டோவில் கிளம்பினேன். பின்சீட்டில் எனக்கு முன்பே மூன்று பெரிய தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, வெள்ளை வேட்டியால் மூடி, உட்கார்ந்திருந்தன. பெருங்காய வாசனை வந்தது.

"கொஞ்சம் மடியில வச்சிக்கோ மேடம். போற வழியில அக்காவாண்ட குடுத்துடலாம். சனிக்கெழமன்னா ரூமு கூட்ட வரும் அது. எம் பொண்ணுக்குக் கண்ணாலம் மேடம், கார்த்திக மாசம் முகூர்த்தம். சீர்வரிசைக்கு."

பலகாரம் என்று நினைத்துக்கொண்டேன். இடம் வேறு இல்லை, மடியில் வைத்துக்கொண்டேன். ஆவடிக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் ஆட்டோ இறங்கியது, இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. தண்ணீர் உள்ளே வந்து என் செருப்பை எடுத்துக்கொண்டு போனது. லோகு குதித்திறங்கித் தள்ளினார். தள்ளிக்கொண்டே கத்தினார்: "மேடம், நீ நனைஞ்சாலும் பரவால்ல, தட்டு நனையக் கூடாது! தலைக்கு மேல தூக்கு!"

தூக்கினேன். முனைவர் இந்திராணி, சர்வதேசக் கருத்தரங்குகளில் பேசியவள், ஒற்றைச் செருப்போடு, மூன்று தட்டுகளைத் தலைக்குமேல் தூக்கியபடி ஆவடிக்குள் நுழைந்தேன். பக்கத்தில் நகர்ந்த பேருந்திலிருந்து ஒருவர் கும்பிட்டார். பால்குடம் என்று நினைத்திருக்க வேண்டும். கல்லூரி வாசலில் சரசக்கா தட்டுகளைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, "நல்லா இருப்பம்மா நீ" என்று வாழ்த்தினார். அந்த வாழ்த்து அப்போது எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது தெரியுமா! கண் கலங்கிவிட்டது.

செந்நீர்குப்பத்தில் போக்குவரத்து நெரிசல். ஒரு மணி நேரம் ஒரே லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குத்தம்பாக்கத்துப் புது பஸ் நிலையத்தால் தன் சவாரி கூடுமா குறையுமா என்று லோகு இரண்டு பக்கமும் வாதாடிக் கடைசியில் தானே தோற்றுப்போனார். பூந்தமல்லியில் புதுச் செருப்பு வாங்கினேன். கத்தரிக்காய்த் தொக்கோடு பிரியாணி சாப்பிட்டேன். பினாங்கில் நாசி கண்டார் கடைகளில் எல்லாக் குழம்பையும் கலந்து சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றுவார்கள். இங்கே பிரியாணிக்கு ஒரு கரண்டித் தொக்கு, அதுவும் ஓரமாக. ஊரெல்லாம் வெள்ளம், தட்டில் மட்டும் கட்டுப்பாடு.

திரும்பும்போது ஆட்டோ ஒரேயடியாகப் படுத்துவிட்டதால் பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு வடநாட்டுப் பெண்கள், ஆவடி ராணுவக் குடியிருப்புக்குப் போகிறவர்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரிந்தவரை, ஒருத்தி இப்படிச் சொன்னாள்: "துவைத்துப் பதினைந்து நாளாகிறது, என் கம்பளி இன்னும் காயவில்லை." மற்றவள் சொன்னாள்: "இந்த ஊரில் காயவைக்க வேண்டுமென்றால் வேறு ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும்." அதையும் ரசித்துக் கேட்டேனே தவிர, என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி வந்துவிட்டது. குடியிருப்பே வாளியோடு கீழே இறங்கியது. தரைத்தளத்தில் இருந்த சங்கச் செயலாளர் முதலில் தன் டிரம்களையெல்லாம் நிரப்பினார், அடுத்து பொருளாளர், அடுத்து அவர் மச்சான். எங்கள் முறை வந்தபோது குழாய் சொட்டியது.

"பாத்தியா, இதுதான் நம்ம அயனி" என்றாள் கற்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு. "லாரி வந்தது உண்மை, தண்ணி இருக்கிறது உண்மை. நம்ம கைக்கு வரணும்னா முதல்ல இவனுக டிரம்மெல்லாம் நிறையணும்."

நான் வாளியோடு அப்படியே நின்றேன். அயனிகளின் டிரம் நிறைந்த பிறகுதான் பெப்டைடுக்குத் தண்ணீர். அப்படியானால் பினாங்கில் டிரம் நிறையவில்லை, ஆவடியில் நிறைந்துவிட்டது. அதாவது ஆவடியில் தண்ணீர் அதிகம். "உன் குப்பியில் தண்ணீர் கூடுதலா இருக்கு, கற்பகம்" என்றேன். வரிசையில் நின்றுகொண்டு சொல்லியிருக்கக் கூடாது.

"என் குப்பியிலயா?" என்றாள். வாளியைத் தொப்பென்று வைத்தாள். அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரவு வடகம் பொரித்து என் தட்டின் பக்கம் நகர்த்தி வைத்தாள். நொறுங்கும் சத்தம்தான் எங்களுக்குள் நடந்த ஒரே உரையாடல்.

திங்கட்கிழமை குப்பிகளை எடுத்து இம்முறை முதலில் தண்ணீரை அளந்தோம். கருவி காட்டிய அளவைப் பார்த்துக் கற்பகம் கருவியைத் தட்டினாள். மறுபடி அளந்தாள். வெள்ளிக்கிழமை காய்ந்து கிடந்த திரவம், பூட்டிய பெட்டிக்குள் இரண்டு நாளில் வயிறு முட்டக் குடித்திருந்தது. பெப்டைடைப் போட்டு வழக்கமான துளியை விட்டதும் ஆவடி முடிவு அட்சரம் பிசகாமல் வந்தது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். இரண்டு ஊருக்கும் ஏன் இரண்டு பதில் என்று தெரிந்துவிட்டது. ஆனால் "தண்ணீர் எங்கிருந்தோ வந்துவிட்டது" என்று எழுதினால் எந்த மதிப்பீட்டாளர் விடுவார்? கதவின் ரப்பரைச் சோதித்தோம். பூட்டைச் சோதித்தோம். நீல மணிகள் சிவந்திருந்தன.

"திங்கக்கிழமையானா இப்படித்தான் கீது" என்றார் சரசக்கா, மணிகளை வறுக்க எடுத்துக்கொண்டே. "நானும் வாரா வாரம் வறுத்துக் கொட்றேன்."

"ஆவடி மழை" என்றாள் கற்பகம்.

"பினாங்கிலும் மழைதான்லா" என்றேன்; கோபம் வந்தால் எங்கள் ஊர் 'லா' தானாக ஒட்டிக்கொள்ளும். அன்றும் சண்டை. அண்ணன் வேறு, நாற்காலிக்கு உறையைப் பிரித்துவிடலாமா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தான். கல்லூரிக் கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டியின் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவித் துடைத்துக்கொண்டிருந்தேன். நடுத்தட்டின் இடுக்கில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சீரகம்.

"எலியா இருக்குமோ?" என்றாள் கற்பகம்.

"பூட்டுத் திறந்து, சீரகம் வச்சுட்டு, பூட்டிட்டுப் போற எலியா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முகர்ந்து பார்த்தேன். பெருங்காயம். சனிக்கிழமை என் மடியில் இருந்த அதே பெருங்காயம். வியாழன், ஞாயிறு என்று நான் நொறுக்கித் தின்ற அதே பெருங்காயம். தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனேனே, அது பலகாரம் இல்லை. இன்னும் காயாத வடகம். ஆவடி ஆய்வகத்துக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கப் பினாங்கிலிருந்து வந்தவள், தண்ணீரை என் கையாலேயே சுமந்துகொண்டு போய்ச் சேர்த்திருக்கிறேன்.

சரசக்காவைக் கூப்பிட்டோம். மறைக்கவே இல்லை.

"ஆமா, வச்சேன். மணி வறுக்கறதுக்குச் சாவி எங்கிட்டதான கீது. எங்க ஊட்ல மொட்டமாடியா கீது? ஃபேனுக்கு அடியில போட்டா பாதிதான் காயுது. மழ வுட்ற மாதிரி தெர்ல. நீதான மேடம் சொன்ன, இந்தப் பொட்டி உள்ள எது வச்சாலும் ஈரத்த இஸ்துடும்னு? நீ வக்கிற தட்டுல வக்கல, காலியா கீற தட்டுல சுத்தமா தொடச்சி, துணி போட்டு வச்சேன். சனிக்கெழம வச்சா திங்கக்கெழம காலைல சலசலன்னு காஞ்சிடும், கூட்ட வர்றப்ப எடுத்துக்குவேன்."

கற்பகம் கதவில் ஒட்டியிருந்த தன் எழுத்தைக் காட்டினாள். "உள்ளே ஈரம் கூடாதுன்னு எழுதியிருக்கேனே அக்கா!"

"அதான் மேடம். ஈரம் கூடாதுன்னுதான நானும் வச்சேன்."

கற்பகம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகுதான் கணக்குப் புரிந்தது. மணிகள் இழுத்தது போக மிச்ச ஈரத்தையெல்லாம் இழுத்தது எங்கள் திரவம். உலகத்திலேயே விலையுயர்ந்த வெயிலில் காய்ந்த வடகம் அது. அதுதான் அந்த நொறுங்கல். பிறகு, அதைத் தின்றது நாங்கள்தான் என்பது உறைத்தது. அயனித் திரவம் ஆவியாகாது, ஆகவே வடகத்தில் ஏறியிருக்காது என்று இருவரும் மாறிமாறி ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். இருந்தாலும் ஆய்வகப் பெட்டியில் வைத்த தின்பண்டம் தின்பண்டமில்லை. அதை அவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"கண்ணாலத்துக்கு வச்சதெல்லாமா?" என்றார் சரசக்கா. முகம் செத்துப்போயிற்று. "மாப்ள ஊட்டுக்காரங்க கேட்டதே இது ஒண்ணுதான் மேடம். நிச்சயத்துல துண்ணுட்டு, சீர்ல இதான் முதல்ல வரணும்னாங்க. கட வடகம் வாங்கி வச்சா, கொழந்த அங்க போய்த் தல நிமிர்ந்து நிக்குமா?"

எங்கள் மாதக் கடைசியும் அவர்கள் முகூர்த்தமும் ஒரே வாரத்தில் வந்தன. கற்பகம் எழுந்தாள். "வாங்க" என்றாள். "காய வைக்கிறது எப்படின்னு எங்களுக்குத் தெரியாட்டி வேற எவனுக்குத் தெரியும்?"

புதன்கிழமை கள்ளிக்குப்பத்து வீட்டுப் படுக்கையறை காலியானது. கட்டில், மேசை, தரை எல்லாவற்றின்மேலும் வெள்ளை வேட்டி விரித்தோம். ஜன்னல் இடுக்குகளை ஒட்டுநாடாவால் அடைத்தோம். குளிர்சாதனத்தை ஈரம் எடுக்கும் முறையில் போட்டு, இரண்டு மேசை விசிறியை எந்தக் கோணத்தில் வைப்பதென்று அரை மணி நேரம் விவாதித்தோம். சரசக்கா கூழ் காய்ச்சினார். லோகு கிண்டினார், இடுப்பு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே. நான் கிள்ளி வைத்ததைப் பார்த்து, "இன்னா மேடம் இது, காக்கா எச்சம் மாதிரி கீது" என்று சரசக்கா எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டுத் தானே வைத்தார். நாங்கள் இருவரும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தோம். விடிந்ததும் ஓடிப்போய் ஒரு வடகத்தை ஒடித்துப் பார்த்தேன். டப்பென்று ஒடிந்தது. என் வாழ்க்கையில் எந்தப் பரிசோதனை முடிவுக்கும் நான் அப்படித் துள்ளியதில்லை.

அதே கூழில் ஒரே ஒரு தட்டு மட்டும் ஆய்வகத்துக்குப் போனது, தின்பதற்கு அல்ல. உலர்பெட்டிக்குள் எங்கள் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்து, வடகம் எவ்வளவு இழக்கிறது, திரவம் எவ்வளவு குடிக்கிறது என்று நிறுத்துப் பார்த்தோம். தண்ணீரை மெல்ல மெல்லக் கூட்டி, அயனிகளின் டிரம் எப்போது நிறைகிறது, பெப்டைடுக்கு முதல் வாளி எப்போது கிடைக்கிறது என்பதையும் பிடித்துவிட்டோம். மூலக்கூறுகளின் நடுவே நடந்த அந்தச் சங்கதி கோடுபோட்டது போலத் திரையில் தெரிந்தபோது கற்பகம் என் தோளைக் கட்டிக்கொண்டாள். சண்டையை எங்கே விட்டோம் என்று இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை எப்படி எழுதுவது என்பது மட்டும் மிச்சம். "பெட்டிக்குள் இருந்த ஈரமான பொருள் என்று போடலாம்" என்றாள் கற்பகம். போட்டோம். பதிலை அனுப்பிவிட்டு வெள்ளிக்கிழமை நான் விமானம் ஏறினேன். வழியனுப்ப வந்த லோகு ஒரு பொட்டலம் கொடுத்தார். கல்யாணத்துக்கு என்னால் நிற்க முடியவில்லை, படம் வந்தது. வெள்ளித் தாம்பாளத்தில் மற்ற எல்லாச் சீருக்கும் முன்னால், கோபுரமாக வடகம். சரசக்கா அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தானே மணப்பெண் மாதிரி சிரித்திருந்தார்.

மதிப்பீட்டாளர்களின் பதில் சீக்கிரமே வந்தது. இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் விடவில்லை: "ஈரமான பொருள் எது? பிற ஆய்வகங்கள் இதைத் திரும்பச் செய்து பார்க்கும்படி, அதன் முழுச் செய்முறையையும் அளவுகளோடு தரவும்."

கற்பகம் ஆய்வகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு சரசக்காவிடம் கொடுத்தாள். நான் பினாங்கிலிருந்து விஷயத்தை விளக்கினேன். உலகம் முழுக்கப் படிப்பார்கள், உங்கள் பேரும் வரும் என்றேன்.

"மாவு எழுதிக்கோ. தண்ணி எழுதிக்கோ. உப்பு, மொளகா, சீரகம், பெருங்காயம் எல்லாம் எழுதிக்கோ. கடைசியா அடுப்ப அணைச்சிட்டு ஒண்ணு போடுவேன் பாரு, அத மட்டும் கேக்காத."

"அக்கா, அது தெரியலன்னா கட்டுரை போயிடும். எனக்கு வேலை போயிடும்."

"அது ஈரமா காய்ஞ்சதா, அதான ஒனக்கு வேணும்? காய்ஞ்சது. ஒரு சிட்டிக. அதனால ஒரு பொட்டுத் தண்ணி ஏறாது, எறங்காது. நிறுத்துப் பாத்தியே, நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. "உலர்ந்த வாசனைப் பொருள், ஒரு சிட்டிகை, நீரளவை மாற்றாதது" என்று எழுதி அனுப்பினோம். மூன்றாமவர் அதற்கும் ஏதாவது கேட்பார் என்று தினமும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். கேட்கவில்லை. கட்டுரை வெளிவந்துவிட்டது. நன்றியுரையில் சரசக்காவின் பெயரும் இருக்கிறது. என் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். அண்ணனின் சுழல் நாற்காலியில் இப்போது ஒரு பழைய லாரி டயர் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் செய்முறையை வைத்துக்கொண்டு, பினாங்கில் என் வீட்டுப் படுக்கையறையில், இதுவரை நான்கு முறை கூழ் காய்ச்சிவிட்டேன். காய்கிறது, ஒடிகிறது, பொரிகிறது. ஆனால் அந்த ருசி வரவில்லை. எங்கள் பரிசோதனையை உலகத்தில் எந்த மூலையில் யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம். வடகம் வேண்டுமென்றால் ஆவடிக்குத்தான் போக வேண்டும்.